சுண்டுவிரலால் கவிழ்த்த ஜீப்

இரண்டு டன் எடையுள்ள ஒரு ஜீப்பை என் சுண்டுவிரல் ஒன்றால் தலைகீழாகக் கவிழ்த்தவன் நான். நீங்கள் சிரிக்கலாம், ஐயா. போன வாரம் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் இதே நாற்காலியில் இருந்த அதிகாரியும் சிரித்தார். "பெரியவரே, துக்கத்துல ஏதோ பேசுறீங்க, வீட்டுக்குப் போங்க" என்று ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். தேநீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனுக்குச் செய்கிற மரியாதை அது இல்லை.

நான் லாரிப் பட்டறையில் கமான்பட்டை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பட்டைகளை அடுக்குவதும் உயர்த்துவதும் என் வேலை. நான் உயர்த்திவிட்ட ஒரு லாரிக்கு அடியில் கோழி மட்டுமல்ல, கோழி விற்கிறவனும் சைக்கிளை விட்டு இறங்காமல் நுழைந்து போவான். இன்னொரு லாரியில், ஓட்டுநர் இருக்கைக்கு ஏறிச் சேர்வதற்குள் பசித்துவிடுமே என்று பாதி ஏணியில் ஒரு சாப்பாட்டு டப்பாவை மாட்டி வைத்தேன்.

இவற்றில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது, அதில் ஒரு நூல்கூட நான் கூட்டவில்லை. உயரத்தை முடிவு செய்தவன் எவனோ, அவன்தான் வண்டியை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கவிழ்ந்தால் அவனோடு கவிழட்டும் என்பதுதான் கணக்கு. அதனால் என் கதைகள் எல்லாவற்றிலும் முதல் ஆளாக ஸ்டியரிங் பிடிப்பவன் நான்தான்.

அந்தக் கதைகளுக்கு வீட்டில் ஒரு ரசிகை இருந்தாள், என் மனைவியின் தங்கை. நாங்கள் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். ஐம்பது வயதைத் தாண்டியும் பெயர் மாறவில்லை, சிரிப்பும் மாறவில்லை. கதையின் முதல் வரிக்கே புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொள்வாள். "அத்தான், நிறுத்துங்க, வயிறு வலிக்குது" என்பாள். நிறுத்தினால் "அப்புறம்?" என்பாள். ஓய்வு பெற்ற மனிதனுக்கு அந்த 'அப்புறம்' எவ்வளவு பெரிய சம்பளம் என்பது உங்களுக்கு இன்னும் சில வருடங்களில் தெரியும்.

அவளுடைய கணவர், என் சகலை, பௌதிக வாத்தியார். நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு குறை, என்னை நம்ப மாட்டார். நான் கதையில் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து, "அண்ணே, அளந்தது போதும், படியைக் கீழ வைங்க" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், புன்னகையோடு சொல்வார். அதுதான் தாங்காது.

ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அளவுக்கு மேல் உயர்த்திய ஒரு வண்டி எந்த வளைவில் கவிழும் என்று நான் முன்கூட்டியே சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாத்தியார் கையை உயர்த்தினார், வகுப்பில் பையன்கள் உயர்த்துவதைப் போல.

"அண்ணே, வண்டி அவ்வளவு சுலபமா கவிழாது. நான் அதைத்தான் காலம் பூரா பாடம் நடத்தினேன். என் கண்ணால பார்த்தா நம்புறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிட்டுவும் சிரித்தாள். அதுவரை அவள் என் கதைக்குத்தான் சிரித்திருக்கிறாள். அன்றைக்குச் சிரித்தது என்னைப் பார்த்து. அந்த வித்தியாசம் சின்னதுதான், ஒரு போல்ட்டுக்கும் அதன் நட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அளவுக்கு. ஆனால் சக்கரம் கழன்று ஓடுவதற்கு அது போதும்.

அதற்குப் பிறகுதான் வாத்தியார் பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். மனைவியோடு மலைப் பாதைகளில் சுற்ற வேண்டும் என்று ஆசை. கற்களில் அடிப்பாகம் இடிக்காமல் இருக்க வண்டியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். அதற்கான ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கடையில் கிடைக்கிறது. எதை வாங்குவது என்று கேட்க அவர் வந்தது என்னிடம்தான்.

"பேச்சை நம்ப மாட்டேன் அண்ணே. உங்க கையை நம்புவேன். நீங்களே வந்து தேர்ந்தெடுங்க."

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவர்மேல் பகை எதுவும் கிடையாது.

கடையின் சுவரில் மூன்று தொகுப்புகள் மாட்டியிருந்தன. இரண்டு அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம். கடைக்காரர் யோக்கியமான ஆள். "இவங்க போற பாதைக்கு ரெண்டே போதும். ஆறு போட்டா வண்டி தலை கனமாயிடும். கூடவே குறுக்குக் கம்பியோட இணைப்பு, பிரேக் குழாய் எல்லாத்தையும் நீளமா மாத்தணும்" என்றார். குறுக்குக் கம்பி என்பது இடது வலது சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் வளைந்த கம்பி. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சரியாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான்.

நான் மூன்றையும் தட்டிப் பார்த்தேன். தூக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை பார்ப்பதைப் போல எட்ட நின்றும் பார்த்தேன். பிறகு சுண்டுவிரலை நீட்டி ஆறு அங்குலத்தைக் காட்டினேன். நான் முதலில் சொன்ன சுண்டுவிரல் இதுதான், ஐயா.

பிரேக் குழாயை மாற்றச் சொன்னேன். பிரேக் இல்லாமல் ஒருவரை அனுப்ப நான் என்ன கொலைகாரனா? குறுக்குக் கம்பிக்கான நீளமான இணைப்பு கடையில் இருப்பு இல்லை. "அது வர்ற வரைக்கும் குறுக்குக் கம்பியைக் கழட்டி என்கிட்ட குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். கடைக்காரர் தயங்கினார். "கம்பி இல்லாம ரோட்டுல ஓட்டக் கூடாதே. பெரியவர் சொல்றீங்க... மெதுவா ஓட்டச் சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். கம்பியைச் சாக்கில் சுற்றி என் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டேன். அப்போது வாத்தியாரும் சிட்டுவும் எதிர்க் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடையிலேயே எல்லாம் பூட்டி முடித்து ஜாக்கியிலிருந்து இறக்கியபோது வண்டி கம்பீரமாக இருந்தது. வாத்தியார் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப உயரமா தெரியுதே. கவிழ்ந்துடாதே அண்ணே?" என்றார்.

"வண்டி அவ்வளவு சுலபமா கவிழாதுன்னு நீங்கதானே சொன்னீங்க வாத்தியாரே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் நகைச்சுவைக்கு அவர் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

கடையிலிருந்து இறங்கும் சாலையில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரு வளைவு இருக்கிறது. தரை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். வாத்தியார் வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பதறி பிரேக்கை மிதிப்பார், அவர் பழக்கம் அது. அந்த உயரம், கம்பி இல்லாத சக்கரம், அந்தப் பழக்கம் மூன்றையும் வைத்து நான் போட்ட கணக்கில் வண்டி மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுக்க வேண்டும். முழங்கையில் சிராய்ப்பு. கண்ணாடி ஒன்று உடையலாம். நான் நடந்து போய்க் கதவைத் திறந்து, "இப்ப நம்புறீங்களா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சிட்டுவுக்குப் போக மனமில்லை. "நீங்க ஓட்டிட்டு வாங்க. அத்தான் ஒரு கதையைப் பாதியில விட்டிருக்காரு, நான் கேட்டுட்டு இருக்கேன்" என்று கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இருக்கட்டும் என்று நான் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கதைக்கு நேரில் பார்த்த சாட்சி இருந்தால் அதன் எடையே வேறு. வாத்தியார் பிறகு மாற்றிப் பேசினாலும், அவள் நடித்துக் காட்டிச் சொல்வாள், எல்லோரும் கேட்பார்கள்.

"நீயும் ஏறு சிட்டு. திரும்பி வந்ததும் மீதியைச் சொல்றேன்" என்றேன்.

ஏறினாள். வண்டி உயரமாக இருந்ததால் நான் கை கொடுத்து ஏற்றிவிட்டு, சாவியை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக எட்டி, "அப்புறம் என்ன ஆச்சுன்னு மறந்துடாதீங்க" என்றாள்.

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. வண்டி சாய்ந்து நிற்கவில்லை, உருண்டது. என் கணக்கில் அந்த வளைவை ஒட்டிய பள்ளம் விட்டுப்போய்விட்டது. வாத்தியாருக்கு இடுப்பும் காலும் உடைந்தன. சிட்டு அங்கேயே போய்விட்டாள்.

எல்லோரும் விபத்து என்றார்கள். வாத்தியார் அதைவிட மோசமாகச் சொன்னார். "நான்தான் வேகமா போனேன். நான்தான் அவளைக் கொன்னேன்" என்று மருத்துவமனைப் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாப்பாட்டைத் தொடவில்லை. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் அப்படி உருகுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இன்னொன்றும் பொறுக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் செய்ததை அவர் தன் பெயரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனவே ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். சுண்டுவிரல், கம்பி, வளைவு, பெஞ்சிலிருந்து அவளை எழுப்பியது, எதையும் விடவில்லை. அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பாரத்தைக் குறைக்கணும்னு இதையுமா அண்ணே அளப்பீங்க? படியைக் கீழ வைங்க."

வாழ்நாளில் நான் ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்ன ஒரே கதை அது, ஐயா.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "தங்கச்சி போன வீட்டுல பேசுற பேச்சா இது?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். போன வாரம் இங்கே வந்தேன், தேநீர் கிடைத்தது. நேற்று அந்தக் கம்பியைச் சாக்கோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போய் வாத்தியாரின் படுக்கையில் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். "பழைய இரும்புக் கடையில இது மாதிரி எத்தனையோ கிடைக்கும்" என்றார். கடைக்காரர் பயந்து, கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். அதற்கு மேல் என்னிடம் சாட்சி எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கம்பியின் மேலிருந்த அவருடைய கை அசையாமல் நின்றது.

"அண்ணே, உங்க கதையில எல்லாம் உயரத்தை முடிவு பண்ணினவன்தானே முதல்ல ஓட்டணும்?"

"ஆமா. பட்டறை வழக்கம்."

"ஒரு கதையிலகூட நீங்க அதை விட்டதில்ல."

"விட்டதில்ல."

"அன்னைக்கு சாவியை என் கையில குடுத்துட்டு நீங்க பெஞ்சில உட்கார்ந்தீங்க."

நான் சொன்ன கதைகளை அவர் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனதுக்குள் ஒரு நிறைவு வந்தது, ஐயா, மறைப்பானேன். கம்பியின் மேலிருந்த கையை அவர் மெல்ல எடுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. முதல் தடவையாகப் புன்னகை இல்லாமல் என்னை நேராகப் பார்த்தார்.

"நம்புறேன்" என்றார். "நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்தது."