மூன்றாம் பாட்டுக்கு அப்புறம்

இரவு பதினொன்றேகால். செங்கம் ரோடு... ஆசிரமத்தைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் அப்பால். தொண்ணூற்று நான்காம் வருஷத்தில் அங்கே என்ன இருந்தது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனம். மற்ற நாளில் பத்து மணிக்கு மேல் நாய்கூட நடக்காது. ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஒரே ஒரு மாடி வீடு. கீழ் அறையில் மட்டும் விளக்கு. ஒருவர் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்...

இருங்கள். ஜெனரேட்டர் போடுகிறவன் சாப்பிடப் போயிருக்கிறான், இப்போதைக்குக் கரண்ட் வராது. ஜமக்காளத்தை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வாருங்கள். மண்டபத்துக்குப் பின்னால் போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். அப்புறம் துணைக்கு என்னைக் கூப்பிடக் கூடாது. சொல்கிற எனக்கே பயம்.

அந்த மனிதர் பேர் பலராமன். என் சிநேகிதன் மூர்த்தியின் அக்கா வேதாவைக் கட்டியவர். லோன் போட்டு அந்த வீட்டைக் கட்டினார். கட்டியதே பாட்டுக் கேட்கத்தான் என்று வேதா அக்கா கேலி செய்வாள். கீழே ஒரு தனி அறை. இரண்டு மூலையிலும் ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்குப் பெட்டியில் ஸ்பீக்கர். இரண்டுக்கும் சரி நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. ஒரு டம்ளர் காபி, ஒரு பழைய பாட்டு... மனிதருக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஆனால் நிம்மதியாகக் கேட்க விட்டால்தானே? சாயந்திரமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். பாடுகிறவர் தூக்கத்தில் உளறுகிற மாதிரி பாட்டு இழுக்கும். நல்ல இடமாகப் பார்த்து நாடா சிக்கும். பென்சிலை விட்டுச் சுற்றுவார். எல்லாவற்றுக்கும் மேல் வாசல் கேட். யார் திறந்தாலும் "க்ரீ...ச்" என்று கத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு, நாளைக்கு எண்ணெய் விட வேண்டும் என்பார். மறந்துவிடுவார். மறுநாள் மறுபடியும் "க்ரீ...ச்".

மாடியில் குடியிருந்தவள் ஹபீபுன்னிசா. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். புருஷன் ஜுபைர் சவூதியில் வெல்டர். அந்தக் காலத்தில் அங்கிருப்பவர்கள் கடுதாசிக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள் இல்லையா? இவள் கேட்டுவிட்டு அதே கேசட்டில் பதில் பேசித் திருப்பி அனுப்புவாள். ஒரே கேசட் போகும், வரும். அவளுடைய டேப் ரிக்கார்டர் கெட்டுப்போனதால் பலராமன் அறைக்குத்தான் வருவாள். அவர் கேசட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். புருஷன் பெண்டாட்டி பேச்சை அடுத்தவர் கேட்கலாமா? அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

மே மாதம் ஒரு புதன்கிழமை அந்தக் கேசட் வந்தது. கேட்டாள். "ஞாயித்துக்கிழமை இன்னொரு வாட்டி கேட்டுட்டு பதில் பேசறேண்ணா, இங்கயே இருக்கட்டும்" என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஜுபைர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். உடம்பைக்கூடக் கொண்டுவரவில்லை. அங்கேயே அடக்கம்.

ஹபீபுன்னிசா இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள்... வெளியே வரமாட்டாள், வேற்று ஆண்களைப் பார்க்கமாட்டாள். ஆரணியிலிருந்து அம்மா வந்து துணைக்கு இருந்தாள்.

ஜூனில் ஒரு ராத்திரி. ரேடியோவில் வரிசையாக அபூர்வமான பழைய பாட்டுகள். பலராமன் ஓடி வந்தார். அந்த நேரம் பார்த்து பல்பு மங்கிவிட்டது. அவர் கேசட் எல்லாவற்றிலும் மணி மணியான எழுத்தில் சீட்டு ஒட்டியிருப்பார். சீட்டு இல்லாவிட்டால் அது காலிக் கேசட், அவ்வளவுதான் அவர் கணக்கு. கைக்கு வந்த சீட்டில்லாத கேசட்டைப் போட்டு, ரிக்கார்டிங்கை அமுக்கினார். அறிவிப்பாளர் பேசும்போது நிறுத்தி, பாட்டு தொடங்கும்போது விட்டு... முழுப் பக்கமும் பதிந்தார். சந்தோஷமாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் வேதா அக்கா சொன்னாள். "ஹபீபு சொல்லி அனுப்பிச்சா. அந்த கேசட்டு பத்திரமா இருக்கட்டுமாம். இத்தா முடிஞ்சதும் வந்து கேக்கறேன்றா. இப்ப கேக்க தைரியம் இல்லையாம். அவரு குரல்னு அது ஒண்ணுதான் இருக்குதாம்."

பலராமன் அறைக்கு ஓடினார். அலமாரி முழுக்கத் தேடினார். வேறு சீட்டில்லாத கேசட்டே இல்லை.

செத்தவன் குரலை அழித்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெண்டாட்டியிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டார்.

அன்று ராத்திரி, ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று போட்டுப் பார்த்தார். மறுபக்கம் வெறும் காலி. இந்தப் பக்கம்... முதல் பாட்டு. இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டு முடிந்து நான்காவது தொடங்குவதற்குள் இரண்டு வினாடி இடைவெளி. அதில்...

ஒரு இருமல்.

ஆம்பிளை இருமல். பலராமனுக்குப் பயம் இல்லை, சந்தோஷம்! அழிக்கிற ஹெட்டில் அழுக்கு சேர்ந்திருக்கிறது, சரியாக அழிபடவில்லை, அடியில் குரல் இருக்கிறது என்று நினைத்தார். மறுநாளும் போட்டார். மூன்றாம் பாட்டு முடிந்தது. அதே இடம்.

"ஹபீபு... இங்க மணல் காத்து ஜாஸ்தியா அடிக்குது. கிளம்பிட்டேன்."

இரண்டு வினாடி இடைவெளியில் இத்தனை பேச்சு எப்படி அடங்கும்? நேற்று இருந்த இருமல் எங்கே போனது? அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. கேசட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஆனால் பூட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவன் எங்கே வந்திருக்கிறான் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. பத்து நாளைக்கு ஒரு தரம் எடுத்துப் போடுவார். ஜூலையில்... "பம்பாய் வந்துட்டேன். நல்ல மழை." பின்னால் தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தம். ஆகஸ்டில், "மெட்ராஸ்." செப்டம்பரில் கண்டக்டர் விசில், பஸ் கதவு சாத்துகிற சத்தம். "செஞ்சி தாண்டிட்டேன், ஹபீபு." செஞ்சிக்கு அப்புறம் பலராமன் ஊர்தான்.

மனிதர் பாதியாகிவிட்டார். வேதா அக்கா சர்க்கரை வியாதியோ என்று பயந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

இத்தா முடிவதற்கு முந்தின ராத்திரி. பதினொன்றேகால். நான் முதலில் சொன்னேனே, அந்த ராத்திரிதான். பலராமன் கேசட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாளைக்கு அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்து அழுதுகொண்டே கேட்டார். மூன்றாம் பாட்டு முடிந்தது.

"க்ரீ...ச்."

வாசல் கேட். ஆனால் சத்தம் வாசலில் இல்லை. ஸ்பீக்கரில். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேட் சாத்தித் தாழ் போட்டபடி இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். நான்காம் பாட்டு வரவே இல்லை. செருப்புச் சத்தம்... சிமெண்டுத் தரையில். நின்றது.

"வந்துட்டேன். கீழ ரூம்ல லைட்டு எரியுது. ஒருத்தரு சேர்ல உக்காந்துக்கினு இருக்காரு. அவருக்குப் பின்னாலதான் நிக்கறேன்."

அறைக்குள் வாசனை அடித்தது. வெல்டிங் வைக்கும்போது வருமே, இரும்பு கருகுகிற வாசனை, அது. பலராமனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"எடம் குடுங்கண்ணா. என் எடத்துல பாட்ட வச்சிட்டீங்க."

பலராமன் என்ன சொன்னார் தெரியுமா? நாமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். கையெடுத்துக் கும்பிட்டு, "தெரியாம பண்ணிட்டம்பா. உன் எடத்த நீ எடுத்துக்க. பதிலுக்கு எது வேணுமோ எடுத்துக்க" என்றார்.

டக். டேப் தானாக நின்றது. வாசனையும் போய்விட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹபீபுன்னிசா அம்மாவோடு கீழே வந்தாள். இளைத்திருந்தாள். வேதா அக்கா அவளைப் பிரம்பு நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். பலராமன் ஜன்னலோரம் நின்று, "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்..." என்று ஆரம்பிப்பதற்குள் அவள் பட்டனை அமுக்கிவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஹபீபு. நல்லா இருக்கறியா?"

பாட்டு இல்லை. ஒரு பாட்டுகூட இல்லை. கடுதாசி முழுசாக இருந்தது. மாமியாருக்கு மருந்து வாங்கச் சொன்னது, ரம்ஜானுக்கு வருகிறேன் என்றது, அவன் சிரித்தது... எல்லாம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேதா அக்காவும் அழுதாள். பலராமன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அந்தப் பெண்ணின் சொத்து அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில்.

ஜுபைர் சலாம் சொல்லி முடித்தான். பலராமன் நிறுத்தப் போனார். நாடா இன்னும் ஓடியது. உஸ்ஸென்று காற்று. பிறகு ஒரு இருமல். பிறகு...

"வேதா... இங்க மணல் காத்து ஜாஸ்தியா அடிக்குது. கிளம்பிட்டேன்."

பலராமன் குரல். அச்சு அசல் அவர் குரல். அவர் வாயை மூடிக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டிருக்கிறார்... குரல் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அப்புறம்தான் மனிதர் கீழே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். ஹபீபுன்னிசா கேட்டுவிட்டு, "நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கலண்ணா" என்றாள். கேசட்டை எடுத்துக்கொண்டு அந்த வாரமே அம்மாவோடு ஆரணிக்குப் போய்விட்டாள்.

வருஷத்துக்கு ஒரு தரம், புருஷன் இறந்த நாளில் மட்டும் அதைப் போட்டுக் கேட்பாளாம். கேட்டுவிட்டு வேதா அக்காவுக்குப் போன் செய்வாள். சொல்லாமல் இருக்க அவளுக்கு மனசு கேட்காது. நாலைந்து வருஷம் மணல் காற்றுதான். அப்புறம் பம்பாய், மழை. பிறகு மெட்ராஸ். போன மாதம் போன் வந்தது. அழுதுகொண்டே சொன்னாளாம்: "அக்கா... 'செஞ்சி தாண்டிட்டேன், வேதா. பஸ்ல கூட்டமே இல்ல'ன்றாரு."

பலராமன் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். ராத்திரியானால் பிரம்பு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், வாசலைப் பார்த்தபடி.

போன வாரம் மூர்த்தி அங்கே போயிருக்கிறான். கேட் அதே கத்தல். பத்து வருஷமாக மாமா புலம்பியதுதானே, நாமாவது செய்வோம் என்று எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். உள்ளே இருந்து பலராமன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். கை ஜில்லென்று இருந்ததாம்.

"எண்ணெ விடாதடா மூர்த்தி. அது தொறந்தா எனக்குத் தெரியணும். என் குரல்ல பேசறவன் வந்துட்டான்னா... அந்த சேர்ல ரெண்டு பேரு உக்கார முடியாதுடா."