இழுக்காத பெட்டி

பிரீத்திகா: அக்கா... ஓவியாக்கா! என் பொட்டியில சக்கரம் இருக்கு. இழுத்துட்டு வாங்க. எதுக்குத் தூக்கிச் சுமக்கீக?

ஓவியா: பழக்கமில்ல பிள்ளை. நீ முன்னால நட. சென்னை ரயிலு எந்தப் பிளாட்பாரம்னு பாரு.

பிரீத்திகா: இழுத்தா பொட்டி அழுவுமாக்கும்?

ஓவியா: ஏய்... மூச்சு வாங்குது, பேச்சுக் குடுக்காத. ஒரு வாரத்துக்கு இம்புட்டுப் பெரிய பொட்டியா? உள்ள அம்மிக்கல்லு வச்சிருக்கியா?

பிரீத்திகா: காஷ்மீருக்குல்ல போறோம். குளிரும். ஸ்வெட்டரு, அது இதுன்னு...

ஓவியா: எனக்குந்தான் குளிரும். என் பையைப் பாரு, மஞ்சப்பை கணக்கா இருக்கு.

பிரீத்திகா: விருதுநகர் வெயில்ல நின்னுக்கிட்டு குளிரைப் பத்திப் பேசுறோம். இந்த பெஞ்சுல உக்காருங்க. சாப்பிட்டீகளா?

ஓவியா: எங்க? காலையில பிள்ளைகளுக்குக் கோச்சிங் குடுத்துட்டு நேரா வாரேன். கல்யாண மண்டபத்துல இன்னிக்கு முகூர்த்தம் இல்ல. தரை சும்மா கெடந்துச்சு.

பிரீத்திகா: பந்தி போடுற தரையில சக்கரம் வச்ச கல்லை உருட்டிப் பழகிட்டு, ஐஸ்ல போயி கர்லிங் ஆடப் போறோம். நம்ம தைரியம் யாருக்கு வரும்!

ஓவியா: எங்கம்மா கேக்குது... "வக்கீலுக்குப் படிச்சவ, வெளக்குமாத்தைத் தூக்கிட்டு ஐஸைக் கூட்டவா அம்புட்டுத் தூரம் போறே"ன்னு.

பிரீத்திகா: என்ன சொன்னீக?

ஓவியா: கேப்டன் பிரீத்தி கல்லைத் தள்ளி விடுவா, அது போற பாதையில நான் ஐஸைத் தேய்ச்சுக் குடுக்கணும், அப்பத்தான் கல்லு வட்டத்துக்குள்ள போயி நிக்கும்னேன். "மொதலாளி மக தள்ளுவா, நீ தேய்ப்ப... அங்கயுமா?"ன்னுட்டுப் போயிருச்சு.

பிரீத்திகா: ...சுருக்குனு இருக்குக்கா.

ஓவியா: அது சிரிச்சுட்டுத்தான் சொல்லுச்சு.

பிரீத்திகா: நேத்து கோர்ட்டுல எங்கப்பாவை நீங்க கேட்ட கேள்விதான் ரொம்பச் சுருக்குன்னு இருந்துச்சாம். சட்டையெல்லாம் நனைஞ்சு போயி வீட்டுக்கு வந்தாக.

ஓவியா: அந்தப் பேச்சு வேண்டாம். கோர்ட்டு வேற, டீம் வேற. அப்பிடித்தான பேசி வச்சிருக்கோம்?

பிரீத்திகா: சரி, டீமைப் பேசுவோம். போன வருசம் கடைசிக் கல்லு.

ஓவியா: பிரீத்தி...

பிரீத்திகா: "தேயிங்க, தேயிங்க"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். அப்பிடியே நின்னுட்டீக. கல்லு வட்டத்துக்கு வெளியவே படுத்துருச்சு. தோத்துட்டு வந்தோம். அன்னியில இருந்து கேக்கேன், ஏன்னு சொல்ல மாட்டேங்கீக.

ஓவியா: ...கை நின்னுருச்சு.

பிரீத்திகா: அதான் ஏன்?

ஓவியா: எங்கம்மா விஸ்வநத்தத்துல பட்டாசு ஆலை மருந்து ரூம்ல வேலை பாத்தவ. நான் தவழையில இருந்து கேட்ட சொல்லு, "தேய்க்காத, இழுக்காத, தூக்கி வையி." வெடி மருந்துல எது உரசுனாலும் போச்சு. எங்க வீட்டுல சோத்துத் தட்டைக்கூடத் தரையில தள்ள மாட்டோம். ஐஸ்ல எறங்குனா மறந்துருவேன். அன்னிக்குன்னு பாத்து மறக்கல.

பிரீத்திகா: ஏன் அன்னிக்கு மட்டும்?

ஓவியா: மேட்சுக்குக் கெளம்புறதுக்கு முந்துன நாளுதான் நாகையா அண்ணன் இந்தக் கேசைக் குடுக்க என் ஆபீசுக்கு வந்தாக. அவுக சம்சாரம் கற்பகவல்லி எப்பிடிச் செத்தாகன்னு சொன்னாக.

பிரீத்திகா: ...மருந்துப் பொட்டியை இழுத்து வெடிச்சு.

ஓவியா: தெரியுமா உனக்கு?

பிரீத்திகா: எங்க பட்டாசுக் கம்பெனியில நடந்ததுக்கா. தெரியாம இருக்குமா?

ஓவியா: மருந்துப் பொட்டியைத் தூக்கணும்னு அங்கன எல்லாருக்கும் தெரியும். ஆனா குனிஞ்சு தூக்க எடம் வேணும்ல? ரூமுக்கு நாலு பேருன்னு சட்டம். தீவாளி சீசன், ஆர்டர் நிக்குதுன்னு ஆளை அடைச்சு வச்சா... இழுக்கத்தான் செய்வாக.

பிரீத்திகா: ம்.

ஓவியா: உங்கப்பா நேத்துக் கூண்டுல நின்னு, "அந்தம்மா எங்க ஆளே இல்ல, அங்கன ஏன் வந்தாகன்னே தெரியாது"ன்னாக. நாகையா அண்ணன் வெளிய வந்து அழுதுட்டாக. "வேலைக்குப் போனவளைக் களவாங்கப் போனவ கணக்கா ஆக்கிட்டாகளே"ன்னு.

பிரீத்திகா: இந்தாங்க, தண்ணி குடிங்க.

ஓவியா: பாரு, பேச வேண்டாம்னு நானே சொல்லிட்டு... விடு. இந்த மேட்சோட என்னைய டீம்ல இருந்து எடுத்துரு. கை நிக்கிறவ உனக்கு எதுக்கு?

பிரீத்திகா: கைதான் காரணமா?

ஓவியா: வேற என்ன?

பிரீத்திகா: வக்கீலா இருந்துட்டு இம்புட்டு மோசமாவா பொய் சொல்லுவீக?

ஓவியா: ...நேத்து கோர்ட்டு கலையிறதுக்கு முன்னாடி, அடுத்த சாட்சி யாருன்னு ஜட்ஜ் கேட்டாரு. ஒரு பேரு சொன்னேன்.

பிரீத்திகா: யாரு பேரு?

ஓவியா: வெடிச்ச அன்னிக்கு அங்கன கம்பெனி ஆபீசுல இருந்த ஆளு பேரு. ஒரு வார்த்தை கேக்காமச் சொல்லிட்டேன். தப்புதான் பிரீத்தி. எனக்கு வேற வழி தெரியல. வேலை போயிரும்னு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாக...

பிரீத்திகா: என் பேருன்னு தெரியும்கா. அப்பா வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாக.

ஓவியா: தெரிஞ்சுமா காலையில போன் போட்டு, "ரயிலுக்கு நேரமாச்சு, வாங்க"ன்ன? உங்கப்பா என்னதான் சொன்னாக?

பிரீத்திகா: "அவளை டீம்ல இருந்து கழட்டி விடு"ன்னாக. தேய்க்க ஆள் இல்லாம கல்லு போகாதுப்பான்னேன். "சரி, அப்ப கோர்ட்டுல கேட்டா, அந்தப் பொம்பளையப் பாக்கவே இல்லன்னு சொல்லு"ன்னாக.

ஓவியா: ...நீ பாத்தியா?

பிரீத்திகா: கையெல்லாம் வெள்ளி மருந்தோட ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாக. "மணி என்ன பாப்பா? பள்ளிக்கூடம் விட்டு மக வந்துருவா"ன்னு கேட்டாக. சொன்னேன். திரும்பி அந்த ரூமுக்குத்தான் போனாக.

ஓவியா: யம்மா...

பிரீத்திகா: அந்த முகம் என்னைய விட மாட்டேங்குதுக்கா. எந்திரிங்க, ரயிலு வந்துருச்சு.

ஓவியா: இரு பிள்ளை. வந்தா வரட்டும். அப்பாகிட்ட என்ன சொன்ன?

பிரீத்திகா: பாத்ததைத்தான் சொல்லுவேன்னேன். "அப்ப இந்த வீட்டுல இருக்காத"ன்னுட்டாக. அதான்க்கா பொட்டி இம்புட்டுக் கனம்... விடுங்க, அந்தப் பக்கம் நான் பிடிக்கேன். இழுக்க வேண்டாம், தூக்கியே ஏத்துவோம்.