ஒற்றை நட்சத்திரம் வாங்கிய காட்டேஜ்

எங்கள் வீட்டில் வெளியூர்ப் பயணம் என்றால் ஏற்பாடு மொத்தமும் என் தலையில்தான் விழும். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வருவதோடு சரி. டிக்கெட், தங்குமிடம், மாத்திரை, டார்ச் எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். மலையில் ஒரு காட்டேஜ் எடுக்கலாம் என்று சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

பத்தொன்பது வருடமாக ஒரு மின்விசிறி கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். பாராட்டுக் கடிதத்தை நான் நம்புவதில்லை. பாராட்டும்போது மனிதர்கள் வாய்க்கு வந்ததை எழுதுவார்கள். புகார் எழுதும்போதுதான் எந்தத் திருகு எத்தனை மணிக்குக் கழன்றது என்பது வரை சுத்தமாக வரும். அதனால் காட்டேஜ் தேடும்போதும் ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்களை மட்டும் படித்தேன். ஒரு வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். எலி, ஒழுகும் கூரை, வெந்நீர் வராத குழாய். அதெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. கடைசியில் ஒரு அப்பா எழுதியிருந்தது கிடைத்தது. சின்னப் படுக்கையறை, பழைய கேஸ் ஹீட்டர், ஜன்னலை மூடிவிட்டு மகள் படுத்திருக்கிறாள். எழுப்பினால் எழவில்லை. வெளியே காற்றில் கிடத்திய பிறகுதான் கண் திறந்தாளாம். தெளிவாக எழுதியிருந்தார்.

உரிமையாளருக்குப் போன் போட்டேன்.

“அந்த ஹீட்டரை மாத்திட்டீங்களா சார்?”

“இன்னும் இல்லீங்க மேடம். பயப்படாதீங்க, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது. சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன்.”

அன்றைக்கே பதிவு செய்துவிட்டேன். பாவம், நல்ல மனிதர். அவரை இதில் இழுக்காதீர்கள்.

தம்பி மனைவியை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதுங்கள். அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவனுக்குத் தலை துவட்டி, பாடம் சொல்லி, ஆளாக்கியவள் நான். அவள் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. “லீவு கிடைக்கும்போதெல்லாம் நீங்க வந்துட்டுப் போங்கக்கா” என்றாள், வாய் நிறையச் சிரிப்போடு. விருந்தாளியைக் கூப்பிடுவது போல.

அதற்குப் பிறகு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்து பூட்டில் சாவியைப் போடும்போதே உள்ளே யாரும் இருக்கப்போவதில்லை என்று தோன்றும். அவர்கள் இன்னும் கிளம்பக்கூட இல்லை, ஆனாலும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நுழைவேன். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

மலை வளைவு ஏறினால் அவளுக்குக் குமட்டும். போய்ச் சேர்ந்ததும் இரண்டு மணி நேரம் படுத்தால்தான் சரியாகும். தம்பிக்கோ போன இடத்தில் கால் நிற்காது, உடனே சுற்றிப் பார்க்க வேண்டும். அவர்கள் காரிலிருந்து பைகளை இறக்குவதற்குள் நான் சாவியோடு முன்னால் போய்விட்டேன். ஹீட்டருக்கு மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் பிரித்து என் கைப்பையில் வைத்தேன். ஹீட்டரைப் பற்றவைத்தேன்.

“அக்கா, ரொம்பக் குளிருது. அந்த ஜன்னலை மூடிடறீங்களா?” என்று அவளேதான் கேட்டாள்.

மூடினேன். கொண்டியும் போட்டேன். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டேன். “நீங்க இல்லைன்னா நாங்க திண்டாடிப் போயிருப்போம்” என்றாள். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்தேன்.

நானும் தம்பியும் நடந்தோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. ஒரு முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவன் நின்றுவிட்டான். போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், சிக்னல் இல்லை.

“அக்கா, எனக்கு என்னமோ பயமா இருக்கு. அவ தனியா இருக்கா. திரும்பிடலாம்.”

“தூங்கற பொண்ணுக்கு என்னடா ஆகும்? இன்னும் ஒரே ஒரு வளைவு போயிட்டுத் திரும்பலாம்.”

கையைப் பிடித்தேன். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பேனே, அப்படி. அவன் கை ஜில்லிட்டிருந்தது. நடந்தான். அந்த வளைவு முடிந்ததும் மறுபடி சொன்னான். ஆனால் நேரம் போதவில்லை. இன்னொரு வளைவு கேட்டேன். என் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

திரும்பும்போது அவன் ஓடினான். நான் நடந்தே வந்தேன். ஓடியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை, கணக்குப்படி அதற்குள் முடிந்திருக்கும். முடிந்துதான் இருந்தது. தாளைப் பிரித்தது, ஜன்னலை மூடியது, அவனை இரண்டு வளைவு கூட்டிப் போனது, மூன்றும் நான்தான். அவளைக் கொல்லத்தான் அந்த வீட்டை எடுத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானாம். என் பெயரைச் சொன்னாலே நடுங்குகிறான், இந்த அறைப் பக்கமே வர மாட்டேன் என்கிறான் என்று உங்கள் பெண் காவலர் சொன்னார். நடுங்காமல் என்ன செய்வான், பெண்டாட்டி செத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் ஐயா, பயந்துபோனால் அவனுக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே அனுப்புங்கள்.