மொந்தேசார் என்ற பெயருக்கு விழுந்த ஓட்டுகள்

காலையில் வந்தவர்களைக் கோழிக் கஞ்சி கொடுக்காமல் அனுப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். இஞ்சி சற்றுத் தூக்கலாக இருக்கும். என் தம்பிக்கு அப்படித்தான் பிடிக்கும். சமையல்காரி இன்னும் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

நீங்களாக வரவில்லை, நான்தான் மணிலாவில் உள்ள புலனாய்வுத் துறைக்குக் கடிதம் எழுதி உங்களை வரவழைத்தேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். லுமாயன் நகரத்தில் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. தம்பியின் சாவுக்கு டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். அது பொய்யும் இல்லை. இன்று நான் இந்த நகரத்தின் மேயர். பதவியேற்று நாற்பது நாளாகிறது.

என் பெயர் ரெமிஹியா மொந்தேசார். வயது எழுபத்தொன்று. முப்பத்தாறு வருஷம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் பாதிப் பேருக்கு நான் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர் ஒருவர் உண்டு. கப்பலில் பொறியாளர், நல்ல மனிதர். ஆனால் எங்கள் வழக்கப்படி அவருடைய குடும்பப் பெயர் எனக்கு வந்துவிடும். மொந்தேசார் என்று கையெழுத்துப் போட்டுப் பழகிய கைக்கு வேறு பெயர் எழுத மனம் வரவில்லை.

அந்தப் பெயருக்கு இங்கே என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகச் சாலையும் மீன் சந்தையும் பெண்கள் பள்ளியும் என் அப்பா தோன் பவுஸ்தினோ மேயராக இருந்து கட்டியவை. தனக்குப் பின் யார் என்று அவர் முடிவு செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு நாற்பத்தொரு வயது, தம்பி அன்செல்மோவுக்கு முப்பத்துநான்கு. அப்பா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பியைப் பார்த்தார். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தம்பி நகர மன்றத்துக்கு நின்றான், துணை மேயரானான், மேயரானான். அவன் பேச்சுகளை நான் எழுதினேன். மனைவி இறந்த பிறகு அவன் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டதும் நான்தான்.

புயல் காலத்தில் ஜனங்கள் தங்குவதற்கு ஒரு மண்டபம் கட்டி அவன் அதற்கு அப்பா பெயரை வைத்தான். போன நவம்பர் புயலில் அதன் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே பத்தொன்பது பேர் செத்தார்கள். கட்டிய ஒப்பந்தக்காரர் எங்கள் சித்தி மகன். கம்பி போதாது என்று நகராட்சிப் பொறியாளர் எழுதிய குறிப்பை அன்செல்மோ படித்திருந்தான்; படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். நாங்கள் பழியைப் புயல் மேல் போட்டோம். புயல் மறுத்துப் பேசவில்லை.

தேர்தல் மே மாதம் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை அவன் என் அறைக்கு வந்தான்.

"அக்கா, நான் விலகிக்கறேன். இன்னைக்குக் கடைசிக் கூட்டத்துல மேடையிலேயே சொல்லிடறேன்."

"எதுக்கு விலகணும்? ஜெயிக்கப் போறவன்."

"அதுக்குத்தான் பயமா இருக்கு. பத்தொன்பது பேரோட பேரையும் மனப்பாடம் பண்ணிட்டேன்க்கா. அதுல ஒரு குழந்தை பொறந்து ஆறு நாள். பேரே வைக்கல. மத்தவங்கள எல்லாம் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டுடுவேன். அத என்னன்னு கூப்பிடறது?"

"அந்தக் கட்டடத்துல அப்பா பேரு இருக்கு, செல்மோ."

"ஆமா. எடுத்துடலாம்."

கொடியில் காய்ந்த துணியை எடுத்துவிடலாம் என்பதுபோல அதைச் சொன்னான். நான் கோபப்படவில்லை. நகர மன்றத்துக்கு நிற்கும் பத்துப் பேர் அவனை நம்பி மேடையேறுகிறார்கள், இன்று அவர்கள் முகத்தில் அறைய வேண்டாம், எப்போதும்போல் மேடையில் ஒரு பாட்டுப் பாடிவிட்டு இறங்கு, நாளைக்கு மாதா கோயில் பூசை முடிந்ததும் தேர்தல் அலுவலகத்தில் முறையாக எழுதிக் கொடு என்றேன். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் மனசு மாறும் என்பதுதான் என் எண்ணம்.

"சரிக்கா. நீ சொன்னாச் சரி," என்றான். அறுபத்துநான்கு வயதிலும் அப்படித்தான்.

மனசு மாறவில்லை. ஞாயிறு காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வெயில் கொளுத்தியது. வியர்த்த சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வேறு சட்டை எடுக்கப் போனான். துவைக்கப் போடும் சட்டையின் பையில் இருப்பதை எடுத்து வைப்பது என் வழக்கம். கட்டைவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை. அப்படித்தான் அது என் கைக்கு வந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. டிரைவர் ஓட்டுப் போடத் தன் ஊருக்குப் போக வேண்டியவன், விடுமுறை கொடுத்திருந்தேன். சமையல்காரியும் அப்படித்தான். தம்பி மகள் அமிஹான் எங்கள் பூத் ஏஜெண்டுகளுக்குச் சாப்பாட்டு ஏற்பாடு செய்யப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். தேர்தலுக்கு முந்தின நாள் எந்த வீடும் அப்படித்தான் இருக்கும்.

விலகல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்க வந்தவனை நிறுத்தினேன். வாக்குவாதம் வந்தது. வாக்குவாதத்தில் யாருக்கும் வார்த்தை தடிக்கும்.

"அப்பா கடைசி நாள்ல உன்னப் பத்தி ஒண்ணு சொன்னாரு. இத்தன நாள் சொல்லாம வெச்சிருந்தேன்."

"என்ன சொன்னாரு?"

"இவன்கிட்டக் குடுத்தது தப்பாப்போச்சு, என் பேரைத் தெருவுல போட்டுடுவான்னாரு."

அப்பா அப்படிச் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் அவருக்குப் பேச்சே இல்லை.

அன்செல்மோ படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தான். மேல்படியில் உட்கார்ந்தான். முகம் சாம்பல் பூத்தது. கை புதுச் சட்டையின் பைக்குப் போயிற்று.

"அக்கா, மாத்திரை. அந்தச் சட்டையில."

"எடுக்கறேன். பதறாத," என்றேன்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். குப்பி என் வலது கையில் இருந்தது.

எங்கள் தேர்தல் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வாக்குச்சீட்டு அச்சடித்த பிறகு வேட்பாளர் தானாக விலகினால் அவர் இடத்துக்கு வேறு யாரும் வர முடியாது. அவருக்கு விழும் ஓட்டெல்லாம் வீண். ஆனால் அவர் இறந்துபோனால், அதே கட்சியில் அதே குடும்பப் பெயர் உள்ள ஒருவர், ஓட்டுப்பதிவு நாள் நண்பகல் வரை மனுக் கொடுக்கலாம். சீட்டில் இறந்தவர் பெயர் அச்சாகியிருந்தாலும் ஓட்டு புதியவருக்குச் சேரும். விதவைகளும் பிள்ளைகளும் இப்படிப் பதவிக்கு வந்ததை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறோம். உயிரோடு விலகும் மொந்தேசாரால் குடும்பம் எல்லாவற்றையும் இழக்கும், செத்துப்போகும் மொந்தேசாரால் ஒன்றையும் இழக்காது. இந்தக் கணக்கைப் போட்டது சட்டம், நான் அல்ல. அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த ஒரு கணத்துப் பலவீனம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நான் எழுந்திருக்கவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் மூடிய கையைப் பார்த்தான். அதட்டவில்லை. சின்ன வயதில் நான் மிட்டாயை ஒளித்து வைத்தால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பான். அன்றும் ஒரு விரலைப் பிரித்தான். இரண்டாவதைப் பிரிக்க அவனிடம் பலம் இல்லை.

இருபத்துமூன்று நிமிஷம். அதன் பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவனைக் கூடத்தில் கிடத்தினோம். திங்கள் காலை ஓட்டுப் போட்ட ஜனங்கள் விரலில் மை காய்வதற்குள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். துக்க வீட்டில் எங்கள் வழக்கப்படி முற்றத்தில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. மீன் சந்தைப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"செத்தவருக்கா ஓட்டுப் போட்டுட்டு வர்றே?"

"செத்தவருதான்டி நல்லது. இனிமே திருட மாட்டாரில்ல."

சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே சிரித்தார்கள். சிரித்தவள்தான் பிறகு அதிகம் அழுதாள்.

அமிஹான் என்னிடம் வந்தாள். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, அவளும் மொந்தேசார்தான்.

"அப்பா எடத்துல நான் நிக்கட்டுமா அத்தை? எனக்கும் அதே பேருதானே."

"நீ அப்பாகிட்ட உக்காரு. இது அலையற வேலை."

"எழுபத்தோரு வயசுல நீங்க அலைவீங்களா?"

"உக்காருன்னேன்."

அவள் தன் அப்பாவின் மகள். அவன் சொல்ல நினைத்ததை அவள் சொல்லிவிடுவாள். அதனால் தடுத்தேன். பத்து மணிக்கு முன்பே தேர்தல் அலுவலகத்தில் என் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கிருந்தவர்கள் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார்கள். பதினோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

அடக்கத்துக்கு முன் அமிஹான் இன்னொன்று கேட்டாள். "அப்பாவோட குப்பி எங்க அத்தை? எப்பவும் பையிலயே இருக்குமே. பெட்டியில கூட வெச்சுடலாம்னு தேடறேன்."

"விழுந்து உடைஞ்சுபோச்சு," என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணெதிரே தம்பி போவதைப் பார்த்தும் என்னால் காப்பாற்ற முடியவில்லை என்று எனக்காகப் பரிதாபப்பட்டாள். பூமி என்னை விழுங்கவில்லை. விழுங்கும் என்று எதிர்பார்த்தேன்.

பதவியேற்ற அன்று வரிசையாக வந்து என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பெரியவர்களிடம் ஆசி வாங்குவது இங்கே அப்படித்தான். வரிசையில் ஒரு இளம்பெண் வந்தாள். ஆறு நாள் குழந்தையைப் பறிகொடுத்தவள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவள் என் வலது கையை எடுத்து நெற்றியில் வைத்தாள்; சீக்கிரம் விடவில்லை.

"உங்க தம்பி கடைசி வாரம் எங்க வீட்டுக்கு வந்தாரு டீச்சர். ஒண்ணும் பேசல. தொட்டில் கெடந்த எடத்தையே பாத்தாரு, அழுதாரு, போயிட்டாரு. என்னமோ சொல்ல வந்தாருன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லம்மா," என்றேன்.

அன்று முதல் யாருக்கும் வலது கையை நீட்டுவதில்லை. முடக்குவாதம் என்று சொல்கிறேன். ஆசி கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இடது கையைக் கொடுக்கிறேன். அவர்களும் பேசாமல் நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள். தூக்கம் போய்விட்டது. கோயில் பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். அவன் எழுதிய விலகல் கடிதம் இதோ, நான் கிழிக்கவில்லை. கூரையைப் பற்றி எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். பெயர் போகும் என்று தெரியும். போகட்டும் என்று சொல்ல மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

நீங்கள் வெகுநேரமாக என் வேட்பு மனுவையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். திங்கட்கிழமை இருந்த நெரிசலில் அதன் தேதியை யாரும் பார்க்கவில்லை. நோட்டரி முத்திரைக்குக் கீழே தேதி தெளிவாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை. நோட்டரி எங்கள் கட்சி வக்கீல் பெலார்மினோ. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். தம்பிக்கு உடம்பு சரியில்லை, எதற்கும் தயாராக இருக்கட்டும் என்றுதான் அவரை வீட்டுக்கு வரவழைத்துச் சொன்னேன்.

"யார் பேரு போடட்டும் டீச்சர்? அமிஹானா?" என்று கேட்டார்.

என் பெயரைச் சொன்னேன். பிறகு படிவத்தை வாங்கி நானே எழுதினேன். இவ்வளவு நேரமும் அப்பாவின் பெயருக்காக என்று உங்களிடம் சொன்னேன். என்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எழுதும்போது அப்பாவின் ஞாபகமே வரவில்லை. மேயர் பதவி என்று அச்சாகியிருந்ததற்கு எதிரே என் பெயர் எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மணி நான்கு. என் தம்பி அடுத்த அறையில், அன்று மாலை மேடையில் பாட வேண்டிய பாட்டைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.