மயூரி மிஸ்ஸின் கார்டு

— கத்தாத மயூரி! கடைக்குள்ள ஆளுங்க ஈக்கி.

— கத்துவேன் ஷாகிராக்கா! ஒங்க நெட் கடையில உக்காந்துதானே அந்த விளம்பரத்தைப் பார்த்தேன்? கனடாப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர்லயே தமிழ் படிச்சுக் குடுக்கலாம்னு எவனோ போட்டிருந்தான். நல்லாப் படிச்சுக் குடுத்தேன், போங்க!

— கம்ப்யூட்டர் மட்டும்தான் என்ட. ஒன்ட ஐடென்டிட்டி கார்டைத் தபால்ல போட்டது யாரு, நானா? போட்டோ கொப்பி கூட இல்ல, அசல் கார்டு! புத்தி எங்க போச்சு புள்ள? போதாக்கொறைக்கு என்ட கடை அட்ரஸையும் குடுத்தீக்க.

— எங்க லயத்து வரிசை வீட்டுக்கு ஏதுக்கா அட்ரஸ்? தோட்டத்து ஆபீஸுக்குக் கடிதம் வந்தா, பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் தருவாங்க.

— சரி, கார்டை என்னத்துக்குக் குடுத்த?

— பேர் பதிய வேணும், அசலை அனுப்புங்க, பதிஞ்சதும் திருப்பித் தாரேன்னான்; இன்னும் வரல. எங்க தோட்டத்துல அப்படித்தானே? வேலைக்குப் பேர் பதிஞ்சா, கார்டையெல்லாம் கங்காணி வாங்கிட்டுப் போய் ஆபீஸ்ல வைப்பாரு. எங்கம்மாவோடது இன்னமும் அங்கதான் கெடக்கு.

— ஒங்க தோட்டத்துத் தொரையாச்சும் கண்ணுக்குத் தெரியிற மனுசன். இவன்ட குரலையாவது கேட்டீக்கியா? நெசமா டீச்சர் தேடுறவன் மொதல்ல ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்வான். இவன் ஒன்ன 'அ'ன்னாவது சொல்லச் சொன்னானா?

— இல்ல.

— பொறகு? வா, பொலிசுக்குப் போவம்.

— போய்? முன்பின் தெரியாதவனுக்குக் கார்டை அனுப்பினேன்னு ஒரு தமிழ்ப் பொண்ணு சொன்னா, சண்டை நடக்குற இந்த நேரத்துல என்ன கேப்பான்? எந்தக் குண்டு வைக்கக் குடுத்தேன்னு கேப்பான். உள்ள தள்ளிருவான்க்கா! இன்னைக்குத் தெமோதரையில இருந்து எப்படி வந்தேன் தெரியுமா? பஸ்ஸுல வந்தா செக்பொயின்ட்ல கார்டு கேப்பான்னு பயந்து ரயில் ரோட்டோட நடந்தே வந்தேன். இப்பப் பார்த்து எங்க ஸ்கூலுக்கு டீச்சர் எடுக்குறாங்க. திங்கக்கெழமை இன்டர்வியூ. அசல் கார்டு இல்லாட்டி வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. பொறந்ததுல இருந்து நான் கேட்டது இந்த ஒரு வேலைதான்!

— அல்லாவே... அழாத. இரு, அவன் பதில் போட்டீக்கான்னு பார்ப்பம். ஆ, வந்தீக்கி! 'மிஸ், ஒங்க பக்கத்துப் பொண்ணுங்க பத்துப் பேரோட அசல் கார்டைச் சேர்த்து அனுப்புங்க. கெடைச்ச அன்னைக்கே ஒங்க கார்டு திரும்பி வரும்.'

— கட்டையில போறவன்! நான் என்ன ஆள் புடிக்கிற கங்காணியா? எழுதுங்கக்கா! என் கார்டு போனாப் போகட்டும், எங்க பொண்ணுங்க ஒருத்தி கார்டும் ஒனக்குக் கெடைக்காதுன்னு எழுதுங்க!

— எழுதுறன், எழுதுறன். இரு, வாசல்ல யாரோ. வாங்க தங்கச்சி, நெட் பார்க்கவா?

— இல்லக்கா. என் பேரு தனலெட்சுமி, நமுனுகுலையில இருந்து வாரேன். கனடாக் கம்பெனியில இந்தக் கடை அட்ரஸைக் குடுத்து, மயூரி மிஸ்ஸைப் பார்க்கச் சொன்னாங்க.

— நான்தான் மயூரி. என்ன வேணும்?

— கும்புடுறேன் மிஸ். மொதல்ல எங்க லயத்துல ஒருத்தரும் நம்பல. அப்புறம் ஒங்க கார்டைப் படம் புடிச்சு அனுப்பியிருந்தாங்க. நம்மளப் போலத் தோட்டத்துப் பொண்ணே குடுத்திருக்குன்னா பயமில்லைன்னு, பத்துப் பேரும் எங்கிட்ட கார்டைக் குடுத்துட்டாங்க. நீங்கதான் சேர்த்து அனுப்புவீங்களாம்; இந்தாங்க மிஸ், எண்ணிப் பாருங்க.