சிவப்பு விளக்கு அணையும்வரை

ஐயா, முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. எனக்குப் பொய்யும் வராது, தாளமும் வராது. அதனால்தான் இந்த இசைக்கு வந்தேன்.

நானும் என் தங்கையின் வீட்டுக்காரரும் ஜோடி. அவர் ஹார்மோனியம். நான் ஒலிப்பதிவு; சுருதிக்கு மின்விசிறி, மோட்டார். ஆரம்பத்தில் பாட்டுத்தான் வாசித்தோம். ஒருநாள் மேடையில் ஹார்மோனியக் கட்டை ஒன்று அமுங்கி, எழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. மாப்பிள்ளை துருத்தியை நிறுத்தவில்லை. ஒரே சுரம் ரீங்கரித்தது; சபையில் இருமல்கூட இல்லை. அன்றோடு மெட்டை விட்டோம். அப்புறம் தாளம் போனது. பிறகு சொல்லும் போய், ஒற்றைச் சுரம் மிஞ்சியது. அதை எவ்வளவு நேரம் பிடிப்போம் என்றால், தொடக்கத்தில் தாய் மடியில் தூங்கிய குழந்தை ஒன்று முடிவில் பல் முளைத்து எழுந்தது.

பழைய ஐஸ் பேக்டரியின் குளிர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். வியாபாரம் படுத்திருந்தாலும் மோட்டார் படுக்கவில்லை. அவர் உள்ளே வாசிப்பார். நான் வெளியே, டேப் ரெக்கார்டர் முன்னால். கதவின் இரு பக்கமும் சிவப்பு விளக்கு. அது எரிந்தால் பதிவு நடக்கிறது, யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவர் அவர்தான். உட்பக்கக் கைப்பிடி எப்போதோ கழன்றுபோயிருந்தது.

அன்று காலை வந்ததும் சொன்னார்: "மச்சான், தப்பா நினைக்காதீங்க. ஒரு பாட்டுக் குழுவுல கூப்பிடுறாங்க. போகலாம்னு இருக்கேன்."

"பாட்டா?"

"ஆமா, விரலெல்லாம் ஊறுது. நாலு பேரு தலையாட்டுனா நல்லாத்தானே இருக்கும்?"

"இங்க மட்டும் யாரு ஆட்டல?"

"இங்க ஆடுறது தூங்கி விழுற தலை, மச்சான்."

இருவரும் சிரித்தோம். நல்ல நகைச்சுவைதான்.

"சரி மாப்ளே, கடைசியா ஒண்ணு பதிவு பண்ணிருவோம். குளிர் மோட்டார் சுருதியில."

இழுப்பு உள்ள உடம்பு, மெல்லிய சட்டை. இருந்தாலும் போனார். எனக்காகத்தான் போனார்.

விளக்கைப் போட்டேன். மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஹார்மோனியம் நின்று கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட்டலில் தாளம் இருந்தது. தாளத்தை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோமே என்று பொருட்படுத்தவில்லை. "மச்சான், தெறங்க" என்பது காதைக் கதவில் வைத்தால் கேட்டது. பிறகு தாளம் போனது. சொல்லும் போனது. மோட்டாரின் ஒற்றைச் சுரம் மிஞ்சியது. எங்கள் வளர்ச்சி முழுவதையும் ஒரே பகலில் கேட்டேன் ஐயா.

மதியம் தங்கை வந்தாள்.

"அண்ணே, அவரு சாப்பிட வரலியே?"

"பதிவு நடக்குது."

"இவ்வளவு நேரமாவா?"

"நல்லா வந்துக்கிட்டிருக்கும்மா."

சிவப்பு விளக்கைப் பார்த்தாள். சாப்பாட்டுக் கேரியரைச் சத்தம் வராமல் தரையில் வைத்துவிட்டு, நுனிக்காலில் திரும்பிப் போனாள்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பகையால் இல்லை. அப்படியொரு பதிவை நடுவில் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அது எங்கள் இருவர் பெயரிலும் வெளிவர வேண்டும்.

உங்கள் மேஜைமேல் சுருட்டி வைத்திருப்பது டேப் ரெக்கார்டரில் செருகும் மைக் ஒயர். அன்று காலை மாப்பிள்ளை வருவதற்கு முன்பே அதைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.