அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறாவது வரி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு நான் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த நாட்கள் குறைவு, இன்ஸ்பெக்டர் சார். கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் எழுந்துவிடுவேன். என் சுபாவம் அப்படி. சம்பத்குமார் என்றால் மில்லில் எல்லோருமே அதைத்தான் சொல்வார்கள்.

நாங்கள் தயாரிப்பது ஆஸ்பத்திரிப் பஞ்சு. மில்லில் ஆறு கம்ப்யூட்டர், ஆறும் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை. முதலாளி அறையில் புத்தம்புது எக்செல். டிரையர் ஷெட்டில், அதாவது வெளுத்த பஞ்சை உலர்த்தும் இடத்தில், 2003 வெர்ஷன். முதலாளி அறையில் போட்ட சார்ட்டை அடுத்த அறையில் திறந்தால் சிவப்புக் கோடு ஊதாவாகிவிடும். ஷெட்டில் கோடே இருக்காது. எல்லா அறையிலும் ஒரே மாதிரி தெரியவைப்பதுதான் பத்தொன்பது வருஷமாக என் வேலை. சரியாகச் செய்தால் ஒருவர் கண்ணிலும் படாத வேலை. நான் சரியாகவே செய்து தொலைத்தேன்.

சித்திரையில் ஹரிப்ரசாத் வந்து சேர்ந்தான். இருபத்தாறு வயது. டிரையருக்குள் சென்சார் மாட்டினான். நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் சூடு ஷீட்டில் ஒரு வரியாக ஏறும். கடைசி எட்டு மணி நேரம் சார்ட்டில் கோடாக நகரும். ஷெட்டுக்காகப் பழைய வெர்ஷனிலும் அது தானாகச் சேமிக்கப்படும். முதலாளி ராஜரத்தினம் எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏலே சம்பத்து, ஹரி வந்த பொறவுதான் மில்லுக்குக் கண்ணு தெரியுது. இம்புட்டு வருசமா நீ என்னலே பண்ணுன?"

"எல்லாத்தையும் ஒத்துப்போக வச்சேன் முதலாளி."

"வீட்டுலயும் அதத்தான பண்ணுத!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவைதான். ஹரி மட்டும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கே டிரையர் கதவில் இருந்த பழைய வெப்பமானியைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஹரி என் மேஜைக்கு வந்தான். "அண்ணே, பழைய வெர்ஷன்ல ஏதாவது இடிக்குமா? ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். பழைய வெர்ஷனில் ஒரு ஷீட்டுக்கு அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு வரிகள்தான். மேலே போவதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாற்பத்தைந்தரை நாள். அதன்பின் ஷெட்டில் அந்தக் கடைசி எட்டு மணி நேரமே திரும்பத் திரும்ப வரும். சார்ட்டின் அடியில் மணிதான் போட்டிருந்தான், தேதி இல்லை.

"அழகா இருக்கு தம்பி," என்றேன். பொய்யில்லை. அழகாகத்தான் இருந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான்: கோடு நின்றுபோகும். முதலாளி கத்துவார். ஹரி முழிப்பான். நான் போய் ஐந்து நிமிடத்தில் சரிசெய்வேன். நாற்பத்தாறாம் நாள் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டுப் போனேன். ஒருவரும் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நின்ற கோடு அவ்வளவு ஒழுங்காக, தொண்ணூறு டிகிரி சூட்டில் படுத்திருந்தது. கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் மத்தியானம் ஹரி லீவு. தேவதானத்தில் பெண் பார்க்கப் போயிருந்தான். டிரையர் ஆபரேட்டர் குருசாமி இன்டர்காமில் கூப்பிட்டார். தீபாவளிக்கு என் பிள்ளைகளுக்குப் பட்டாசு வாங்கித் தருகிறவர்.

"சம்பத்தண்ணே, உள்ள காந்தல் வாடை அடிக்கு. கோடு என்னமோ நேராத்தான் இருக்கு. செத்த வந்து பாத்துட்டுப் போங்களேன்."

என் கம்ப்யூட்டரில் இருப்பது புது வெர்ஷன். அதில் வரிகள் வெட்டுப்படாது. திறந்து பார்த்தேன். நூற்றெழுபதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"அது நான் போட்ட சார்ட்டு இல்ல குருசாமி. ஹரி கிட்டக் கேளுங்க."

"அவரு போனு எடுக்கலையேண்ணே."

"அப்ப கோட்ட நம்புங்க. முதலாளியே நம்புதாரு."

குருசாமி நம்பியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. சந்தேகத்தில் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். காற்று பட்டதும் பஞ்சு மொத்தமாகப் பற்றிக்கொண்டது. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். நான் இரண்டு தடவை போனேன். அவருக்குச் சுற்றியிருந்தது நாங்கள் தயாரித்த பஞ்சுதான்.

ஹரியைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். முதலாளி சார்ட்டையெல்லாம் மறுபடி என்னிடம் ஒப்படைத்தார். நானாக வாயைத் திறந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பையன் மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்றே வீட்டில் சொல்லியிருக்கிறேன், வருகிற வழியில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் நேற்று அவன் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்களே: "சம்பத்தண்ணன் பழைய ஆளு. இந்த வரிக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அவர விட்டுருங்க."

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை சார். எனக்குத் தெரியும். அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி எழுதிவிடுங்கள்.